பேட்டரி புதிது, டைனமோ சுற்றுகிறது, ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லை

9 ஏப்ரல் 2023, காலை (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி)

என்னிடம் இருப்பது 2006ஆம் ஆண்டில் வாங்கிய ஏழு இருக்கை டீசல் வண்டி. பேட்டரி மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது. தினமும் பால் சொசைட்டிக்கு நான்கு கிலோமீட்டர் போய் வருகிறேன். வாரம் ஒருமுறை மஞ்சள் விலை பார்க்க ஈரோடு போகிறேன். ஈரோடு போய் வந்த பிறகு இரண்டு நாள் வண்டி ஒழுங்காகக் கிளம்புகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காலையில் செல்ஃப் 'டக் டக்' என்பதோடு நின்றுவிடுகிறது. இரவில் முன்விளக்கைப் போட்டால் டேஷ்போர்டில் பேட்டரிச் சின்னம் மிக மங்கலாகச் சிவக்கிறது. ஒரு மெக்கானிக் எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினார், வண்டி நிற்கவில்லை, ஆகவே டைனமோ நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் சரியில்லை என்றார். இன்னொருவர் டைனமோவை முழுதாக மாற்றச் சொல்கிறார். வயரைக் கழற்றிப் பார்ப்பதுதானே தவறாத சோதனை? இருவரில் யார் சொல்வது சரி?

9 ஏப்ரல் 2023, இரவு

முதலில் அந்த வயரைக் கழற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எஞ்சின் பெல்ட்டால் சுற்றிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ முப்பது ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருக்கும் நொடியில் பேட்டரியைப் பிரித்தால், அந்த மின்சாரம் போவதற்கு இடமின்றி வோல்டேஜ் பல பத்து வோல்ட்டுக்குத் துள்ளும். வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுகளும் அந்தத் துள்ளலில் போகலாம், கணினிப் பெட்டி வைத்த வண்டியாக இருந்தால் அதுவும் போகலாம். நல்ல டைனமோவைக் கெட்ட டைனமோவாக மாற்றுவதற்கு இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

அதைவிட முக்கியமானது, உங்கள் வண்டியில் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்கு மின்சாரம் ஏறக்குறையத் தேவையே இல்லை. பம்பில் உள்ள நிறுத்து வால்வுக்கு வேண்டிய சொற்ப மின்சாரத்தை, படுக்கையில் கிடக்கும் டைனமோவும் கொடுத்துவிடும். வண்டி நிற்கவில்லை என்பதால் டைனமோ நலமாக இருக்கிறது என்பது, கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டதால் தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்துவிட்டது என்பதைப் போன்றது.

நான் மெக்கானிக் அல்லன். பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டு மின் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது காங்கேயத்தில் இருக்கிறேன். ஆகையால் என் பேச்சு மீட்டரைச் சுற்றியே இருக்கும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள்.

10 ஏப்ரல் 2023

மூன்று அளவுகளை எடுத்து எழுதுங்கள். வண்டி இரவு முழுவதும் நின்றபின், சாவி போடுமுன், பேட்டரியின் இரு ஈய முனைகளுக்கும் இடையே உள்ள வோல்டேஜ் ஒன்று. எஞ்சினை எழுப்பி, எந்த விளக்கும் போடாமல், சற்று ஆக்சிலேட்டர் கொடுத்து எடுப்பது இரண்டாவது. முன்விளக்கு, ஏசி விசிறி, பின்கண்ணாடிச் சூடேற்றி இருந்தால் அது, எல்லாவற்றையும் போட்டு எடுப்பது மூன்றாவது.

முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். ஒவ்வொரு பத்தில் ஒரு வோல்ட்டும் இங்கே பெரிய தொகை. "பன்னிரண்டு காட்டுது, நல்லாத்தான் இருக்குங்க" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருப்பது சரி. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டவிழ்ந்துவிட்டது என்று பொருள்.

10 ஏப்ரல் 2023, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு குறை. வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே பேட்டரியை அளந்தால், தட்டுகளின் மேற்பரப்பில் தங்கிய சார்ஜ் காரணமாக 12.9 அல்லது 13 என்றுகூடக் காட்டும். அது பால் பொங்கி நிற்கும்போது பாத்திரம் நிறைந்துவிட்டது என்று எண்ணுவது போலாகும். காலையில் அளக்கச் சொன்னதன் காரணம் அதுதான். காத்திருக்க இயலாதவர்கள் முன்விளக்கை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, சில நிமிடம் கழித்து அளக்கலாம்.

12 ஏப்ரல் 2023

கோபிக்காரர் அளவுகளை அனுப்பியிருக்கிறார். காலையில் 12.1. எஞ்சின் ஓடும்போது, சுமை இல்லாமல், 13.5. எல்லாவற்றையும் போட்டபின் 12.4.

இது தெளிவாக டைனமோவின் பலவீனம்தான். சுமை ஏறியதும் 12.4க்கு இறங்குகிறது என்றால், ரோட்டாருக்கு, அதாவது உள்ளே சுழலும் சுருளுக்கு, மின்சாரம் கொடுக்கும் கார்பன்கள் தேய்ந்து கட்டையாகியிருக்க வேண்டும். உங்கள் இரண்டாவது மெக்கானிக் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். முழு டைனமோவை மாற்ற வேண்டாம், கழற்றிக் கார்பன் மாற்றினால் போதும்.

12 ஏப்ரல் 2023

ஒருவர் கேட்டிருக்கிறார்: அது டைனமோ அல்லவே, ஆல்டர்னேட்டர் அல்லவா என்று. சரிதான். டைனமோ என்பது கம்யூட்டேட்டர் வழியாக நேர்மின்சாரத்தையே தரும் பழைய எந்திரம். 1960களில் உலகம் முழுவதும் கார்களில் அதன் இடத்தை, மாறுமின்சாரம் உண்டாக்கி உள்ளேயே டயோடுகளால் நேராக்கித் தரும் ஆல்டர்னேட்டர் பிடிக்கத் தொடங்கியது. ஆனால் தாராபுரம் முதல் பவானி வரை எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனாலும் அவர் கழற்றுவது டைனமோதான். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

13 ஏப்ரல் 2023

நேற்று நான் எழுதிய 'தெளிவாக' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரவு படுத்தபின் உறுத்தியது. பேட்டரி முனையில் 12.4 வந்து சேர்கிறது என்பது மட்டுமே நமக்குத் தெரியும். டைனமோவிலிருந்து எவ்வளவு புறப்பட்டது என்பதை யாரும் பார்க்கவில்லை. ஆலையில் ஒரு மோட்டார் சூடேறினால் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் அதன் முனையில் மூன்று பேஸும் முழுதாக வருகிறதா என்று பார்க்காத உதவியாளரை நான் எத்தனை முறை கடிந்துகொண்டிருப்பேன்! அதே தவற்றை நானே செய்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. எல்லாச் சுமையையும் போட்டு, ஒருவரை ஆக்சிலேட்டரை இலேசாக மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை டைனமோவின் பின்புறத்தில் பருத்த வயர் பூட்டியிருக்கும் போல்ட்டிலும், கறுப்பு முனையை டைனமோவின் உடம்பிலும் வைத்தால் அது உண்டாக்கும் வோல்டேஜ் தெரியும். பிறகு சிவப்பை அதே போல்ட்டிலேயே வைத்துக்கொண்டு, கறுப்பைப் பேட்டரியின் பிளஸ் ஈய முனையில் வையுங்கள். கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் முனைக்கும் இடையே உள்ள பச்சைப் பூப்பு கணக்கில் வராமல் போய்விடும். இங்கே 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அடுத்து டைனமோ உடம்புக்கும் பேட்டரி மைனஸ் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள், அது எர்த்துப் பக்கம், அங்கும் 0.2க்குள் இருக்க வேண்டும். சட்டை நுனி, துண்டு, மீட்டர் வயர் எதுவும் பெல்ட்டின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

16 ஏப்ரல் 2023

சித்திரை பிறந்த கையோடு விடையும் வந்தது. டைனமோவின் முனையில் 14.2. பிளஸ் வழியில் இழப்பு 1.6. எர்த்து வழியில் 0.2. பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்தது 12.4. கூட்டிப் பாருங்கள், கணக்கு ஒரு புள்ளி பிசகாமல் நேராகிறது. எனக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி இந்த மாதத்தில் வரவில்லை.

டைனமோ தன் வேலையைச் செய்கிறது. வழியில்தான் கொள்ளை போகிறது. அவர் அனுப்பிய படத்தில் டைனமோ போல்ட்டில் பூட்டியிருந்த லக்கின் (வயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் உலோக வளையம்) கழுத்து கறுத்து, வயரின் உறை இரண்டு அங்குலத்துக்குப் பொரிந்திருந்தது. எப்போதோ யாரோ பிளையரால் நசுக்கிப் பூட்டிய லக் அது. 25 ஆம்பியர் ஓடியதாக வைத்துக்கொண்டாலும் 1.6 வோல்ட் இழப்பு என்பது 40 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் கையில் இருக்கும் பற்றவைப்புக் கோல் 25 வாட்தான் இருக்கும். அதைவிடச் சூடான ஒன்றை இவர் டைனமோவின் முதுகிலேயே பூட்டி வைத்து ஈரோட்டுக்கும் கோபிக்கும் ஓட்டியிருக்கிறார்.

மங்கலான சிவப்புக்கும் இங்கேயே விளக்கம் கிடைத்துவிட்டது. இவ்வகை டைனமோவில் ஆறு பெரிய டயோடுகளோடு மூன்று சிறிய டயோடுகளும் உண்டு. அந்த மூன்றின் வழியாக ரோட்டாருக்கும் சார்ஜ் விளக்கின் ஒரு முனைக்கும் மின்சாரம் வருகிறது. விளக்கின் மறுமுனை சாவி வழியாகப் பேட்டரியைப் பார்த்திருக்கிறது. இரண்டு பக்கமும் தராசுத் தட்டுப் போலச் சமமாக நின்றால் விளக்கு இருண்டிருக்கும். இங்கே ஒரு தட்டில் 14.2, மற்றொன்றில் 12.6 (பேட்டரியின் 12.4ஓடு எர்த்து இழப்பு 0.2ஐயும் கூட்டினால் வருவது), ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட அந்த வேறுபாட்டில் விளக்கின் இழை செங்கல் நிறத்தில் முனகுகிறது. பகலில் அது கண்ணுக்குத் தெரியாது.

புது லக் வைத்துப் பூட்டுபவருக்கு: முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், எஞ்சின் நின்றிருக்கும்போது. டைனமோவின் அந்த போல்ட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே இவ்வகைப் பழைய வண்டிகளில் சாவியும் கிடையாது, பெரும்பாலும் ஃபியூஸும் கிடையாது. அதில் வைத்த ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் அங்கேயே வெல்டிங் ஆகும். என் இடது மணிக்கட்டில் கைக்கடிகாரச் சங்கிலியின் தடம் 1994 முதல் இருக்கிறது.

17 ஏப்ரல் 2023

"என் வண்டி 2021ஆம் ஆண்டுடையது, ஓடும்போது 12.7 காட்டுகிறது, டைனமோ போய்விட்டதா?" என்று திருப்பூரிலிருந்து ஒருவர் பதறுகிறார். பதற வேண்டாம்; நான் 10ஆம் தேதி எழுதிய 13.8 முதல் 14.5 என்ற வரம்பு பழைய வண்டிகளுக்கானது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் டைனமோவுக்குக் கட்டளை இடுவது எஞ்சின் கணினி. முடுக்கும்போது எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜைத் தாழ்த்தும், பிரேக் பிடித்து வேகம் குறையும்போது 14.8 வரைகூட ஏற்றும். ஒரே ஒரு அளவை வைத்து அங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது; பத்து நிமிடம் ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டும், அல்லது முன்விளக்கைப் போட்டு, கணினி வோல்டேஜை உயர்த்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

அத்தகைய வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் கிளாம்பிலேயே சிறு உணர்வி ஒன்று அமர்ந்திருக்கும். பாட்டுப் பெட்டியோ கூடுதல் விளக்கோ பூட்டுகிறவர் எர்த்தை நேராக மைனஸ் முனையில் பூட்டினால், அந்த மின்சாரம் உணர்வியின் கணக்குக்கு வராமல் போகும். பாடியில் பூட்டச் சொல்லுங்கள்.

23 ஏப்ரல் 2023

கோபிக்காரர் நன்றி சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மீண்டும் செல்ஃப் எடுக்கவில்லையாம். லக் மாற்றியபின் சுமையோடு பேட்டரி முனையில் 13.9 வருகிறது, இழப்பு 0.15தான். ஆகையால் சார்ஜ் ஏறுகிறது என்பதில் ஐயம் இல்லை. ஏறுவது இரவில் எங்கோ இறங்குகிறது.

இறக்கத்தை அளப்பதற்கு, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரைப் பத்து ஆம்பியர் நிலையில் வைத்து இணைக்கச் சொன்னேன். மீட்டர் நடுவில் இருக்கும்போது தவறிப்போய்ச் சாவியைத் திருகிவிடக்கூடாது. செல்ஃப் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும், மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போகும். கடிகாரம், அலாரம் முதலியவற்றுக்காக 50 மில்லி ஆம்பியர் வரை போவது இயல்பு, நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணிதான். புதிய வண்டிகளில் கதவை மூடி, கணினிகள் உறங்குவதற்கு அரை மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அவர் அளந்தது 40 மில்லி ஆம்பியர். ஒழுக்கு இல்லை. அப்படியானால் பேட்டரியின் ஆயுளே குறைந்திருக்கலாம். அரைச் சார்ஜிலேயே மாதக்கணக்கில் கிடந்த தட்டுகளில் சல்பேட் இறுகிவிடும். மேலும் அவர் பேட்டரிக்குத் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். உப்பு நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் பேட்டரிக்கு ஆகாது, டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும்.

24 ஏப்ரல் 2023

மீட்டரை நம்பு என்று நான் ஓதிக்கொண்டே இருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு என் மைத்துனர் வண்டியில் 15.6 வோல்ட் கண்டு, ரெகுலேட்டர் போய்விட்டது, உடனே மாற்றுங்கள் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டேன். அவர் மாற்றினார். பிறகும் 15.6. வீட்டுக்கு வந்து புது டார்ச் பேட்டரியை அளந்தால் அதுவும் கூடுதலாகக் காட்டியது. மீட்டருக்குள் இருந்த ஒன்பது வோல்ட் பேட்டரி இளைத்துப் போயிருந்தது. அது இளைத்தால் மீட்டர் உள்ளதைக் காட்டிலும் உயர்த்திச் சொல்லும். மைத்துனர் இன்றுவரை என்னிடம் அந்த ரெகுலேட்டருக்குப் பணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

28 ஏப்ரல் 2023

பெல்ட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை; கேட்காமலேயே எழுதுகிறேன், ஏனெனில் டீசல் வண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது.

2009ஆம் ஆண்டு தை மாதத்தில் என் மாமனாருடன் மைசூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஆசனூர் தாண்டித் திம்பம் மலைப்பாதையில் இறங்கத் தொடங்கியபோது இருட்டிவிட்டது. முதல் ஓரிரு வளைவுகள் கழிந்ததும் எஞ்சின் பக்கத்தில் 'பட்' என்று ஒரு சத்தம். சார்ஜ் விளக்கு மங்கலாக அல்ல, முழுச் சிவப்பாக எரிந்தது. "ஏனுங் மாப்ள, அந்தச் செவப்பு லைட்டு எதுக்குங் எரியுது?" என்றார் மாமா. பெல்ட் போயிருக்கும், பரவாயில்லை என்றேன். மனக்கணக்கும் போட்டேன்: முன்விளக்குகள் இரண்டுக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர், பேட்டரி 60 ஆம்பியர் மணி, பாதி இருந்தாலும் பண்ணாரி தாண்டிச் சத்தியமங்கலம் போய்ச் சேர்ந்துவிடலாம். கணக்கு மிகச் சரி. ஆனால் அடுத்தடுத்த மிதிகளில் பிரேக் கல்லாக இறுகியது.

நம் ஊர்ப் பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப், டைனமோவின் முதுகிலேயே அதே அச்சில் பூட்டப்பட்டிருக்கும். பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் நிற்காது, பம்பும் நின்றுவிடும்; சேமிப்பில் இருந்த வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்தபின், முழு உடம்பின் எடையையும் பெடலில் வைத்தால்தான் வண்டி நிற்கும். 27 கொண்டை ஊசி வளைவுகளில் மீதி இருந்தவற்றை முதல் கியரில், மாமா முருகனை அழைத்துக்கொண்டே வர, ஊர்ந்து இறங்கினேன். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. இறக்கமாக இருந்ததால் எஞ்சின் கொதிக்காமல் தப்பியது. இப்போது என்றால் அந்தச் சிவப்பு எரிந்த இடத்திலேயே ஓரம் கட்டிவிடுவேன்.

பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்கலாம். காலையில் எழுப்பியதும் கிறீச்சிட்டால் தளர்ந்திருக்கிறது அல்லது அதன் முகம் கண்ணாடி போல வழவழத்துவிட்டது. அதற்காக வீணைத் தந்தி போல முறுக்கிவிடாதீர்கள், பேரிங் போய்விடும்.

3 மே 2023

நான் 23ஆம் தேதி எழுதியது தவறு. 16ஆம் தேதி 'டைனமோ தன் வேலையைச் செய்கிறது' என்று எழுதியதும் அரைகுறை. கோபிக்காரரின் துணைவியார் இரவில் மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போனபோது, கொட்டகையில் நின்ற வண்டிக்குள் அந்தச் சிவப்பு மினுங்கியதாம். "சாவி ஊட்டுக்குள்ள ஆணியில தொங்குது, லைட்டு மட்டும் எப்படிங் எரியுது?" என்று அவர் கேட்ட கேள்வியை, நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

சாவி இல்லாமல் எரிகிறது என்றால், விளக்குக்கு மின்சாரம் சாவிப் பக்கத்திலிருந்து வரவில்லை, டைனமோவின் பக்கத்திலிருந்து வருகிறது. நின்றுபோன டைனமோ மின்சாரம் உண்டாக்காது. ஆகவே பேட்டரியின் மின்சாரம், போகக்கூடாத திசையில், பெரிய பிளஸ் டயோடு ஒன்றின் வழியாகக் கசிந்து, சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டர் சுருளுக்குள் நுழைந்து, அங்கிருந்து சிறிய டயோடுகள் வழியாக ரோட்டாரையும் விளக்கையும் அடைகிறது. டயோடு என்பது கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு போல ஒரு பக்கம் மட்டுமே விட வேண்டியது. அதன் வாய் சரியாக மூடாமல் இரவெல்லாம் ஒழுகியிருக்கிறது.

அப்படியானால் காலையில் 40 மில்லி ஆம்பியர் மட்டும் காட்டியது ஏன் என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். சிலிக்கான் டயோடின் பின்கசிவு சூட்டோடு ஏறும், ஆறினால் குறையும். விடியற்காலையில், குளிர்ந்த டயோடை அளக்கச் சொன்னவன் நான். திருடன் உறங்கும் நேரத்தில் காவலுக்குப் போயிருக்கிறேன். வண்டியை நன்றாக ஓட்டி, நிறுத்திய சூட்டிலேயே, அதே முறையில் அளக்கச் சொல்லியிருக்கிறேன்.

4 மே 2023

சூட்டில் 0.9 ஆம்பியர். நான்கு மணி நேரம் கழித்து 0.3. மைனஸைக் கழற்றிவிட்டு டைனமோவின் பருத்த வயரையும் பிரித்து, அதன் முனையில் டேப் சுற்றி ஒதுக்கிவைத்து, வண்டியை மறுபடி சூடேற்றாமல் உடனே அளந்தால் 0.03. இனி ஐயமில்லை.

இரவொன்றுக்கு மூன்று நான்கு ஆம்பியர் மணி போயிருக்கும். நான்கு கிலோமீட்டர் பால் சொசைட்டி ஓட்டம், செல்ஃப் தின்றதையே திருப்பிக் கொடுத்திருக்காது. வாரச் சந்தைப் பயணம்தான் இத்தனை நாள் பேட்டரிக்குச் சோறு போட்டிருக்கிறது. மூன்றாம் நாள் கணக்கு இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

5 மே 2023

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு திருப்புளிச் சோதனை. சாவியைப் போட்டு, எஞ்சினை எழுப்பாமல், திருப்புளியை டைனமோவின் பின்புறப் பேரிங் பக்கம் கொண்டுபோனால் காந்தம் போல இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் கார்பனோ ரோட்டார் சுருளோ அறுந்திருக்கலாம். சாவியை எடுத்தபின் இழுப்பு விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் கோபிக்காரரின் நோய். சார்ஜ் விளக்கின் பல்பு சுட்டுப்போயிருந்தாலும் முதல் இழுப்பு வராது என்பதை நினைவில் வையுங்கள். இவ்வகை டைனமோவில் அந்தப் பல்பு வழியாகத்தான் ரோட்டாருக்கு முதல் மின்சாரமே போகிறது.

மாறுமின்சார நிலையில் மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. எஞ்சின் ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடுகளில் ஒன்று சரியில்லை. விலை மலிந்த சில மீட்டர்கள் அந்த நிலையில் நேர்மின்சாரத்தையும் சேர்த்துக் காட்டிக் குழப்பும். எஞ்சினை நிறுத்தியும் ஒருமுறை பாருங்கள்.

9 மே 2023

டைனமோவைக் கழற்றிப் பிரித்தார்கள். டயோடு பிளேட்டில் ஒரு பிளஸ் டயோடு இரு பக்கமும் விட்டது. கரிந்த லக் பூட்டியிருந்த போல்ட்டுக்கு மிக அருகில் இருந்த டயோடு அது. 40 வாட் சூட்டை மாதக்கணக்கில் பக்கத்தில் வாங்கியதால்தான் கெட்டது என்று நான் கருதுகிறேன், எலக்ட்ரீஷியன் வயதாகிவிட்டது என்கிறார். என் கருத்து உண்மையானால் இரண்டு நோயும் ஒரே நோய்.

கார்பன் உறையில் எஞ்சின் ஆயில் பூசியிருந்தது. வேக்கம் பம்பின் ஆயில் சீல் தளர்ந்தால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கி, கார்பனையும் அது உரசும் ஸ்லிப் ரிங்கையும் கெடுக்கும். சீல் மாற்றாமல் கார்பன் மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் திரும்ப வர வேண்டியிருக்கும் என்று அந்த எலக்ட்ரீஷியனே சொல்லியிருக்கிறார். இவரைப் போன்றவரைத்தான் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கார்பன் தேய்மானம் பாதிக்கு மேல் இருந்தது, ஆகவே ஏப்ரல் 12ஆம் தேதி நான் சொன்னது முற்றிலும் பொய்யாகவும் போய்விடவில்லை.

ரோட்டாரை ரீவைண்டிங் செய்யலாமா என்று கேட்டிருந்தார். 1937ஆம் ஆண்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய கோவையில், சுருள் சுற்றத் தெரிந்த கைக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் ரோட்டாரின் இரு ஸ்லிப் ரிங்குகளுக்கு இடையே அளந்தால் மூன்றரை ஓம் வருகிறது, உடம்புக்குக் கசிவு இல்லை. நல்ல சுருளை எதற்காகப் பிரிக்க வேண்டும்? டயோடு பிளேட், கார்பன், சீல், பின்புறப் பேரிங், இவ்வளவுதான் மாற்றினார்கள். புது டைனமோவுக்குச் சொன்ன விலையில் கால் பங்குக்கும் கீழே முடிந்தது.

10 மே 2023

திருச்செங்கோட்டிலிருந்து, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருக்கும் ஒருவர், தமது 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிகளில் ஒன்று மட்டும் எப்போதும் முன்னதாகவே சாகிறது, டைனமோவின் குறையா என்கிறார். பாட்டுப் பெட்டிக்கும் கைப்பேசி சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று ஒரு பேட்டரியில் மட்டும் வயர் எடுத்திருக்கிறீர்களா? அப்படி எடுத்தால் அந்தப் பேட்டரி இளைத்துக்கொண்டே போகும், தொடரில் இருக்கும் மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும். டைனமோவுக்கு இரண்டின் கூட்டுத்தொகை 28 என்பது மட்டுமே தெரியும். பந்தியில் யார் இலையில் எவ்வளவு விழுகிறது என்பது தெரியாது. 24ஐ 12ஆக மாற்றித் தரும் கன்வர்ட்டர் பெட்டி ஒன்று பூட்டிவிடுங்கள்.

2 ஜூலை 2023

கோபிக்காரர் இரண்டு மாத அளவுகளைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நிறுத்திய சூட்டில் இறக்கம் 0.03 ஆம்பியர். காலை வோல்டேஜ் 12.5, வெளியே சார்ஜரில் ஒரு நாள் முழுக்க வைத்து ஏற்றியும் 12.6ஐ எட்டவில்லை என்பதால், பேட்டரி சற்று அடிபட்டுத்தான் இருக்கிறது. ஓடும்போது சுமையோடு 14.0, நண்பகல் வெயிலில் நீண்ட ஓட்டத்துக்குப் பின் 13.7 என்று ஒரு நாள் வந்ததைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார். அது கவலைக்குரியது அன்று. சூடேறியபோது பேட்டரியின் தண்ணீர் வற்றாமலிருக்க ரெகுலேட்டர் தானாகவே சற்றுத் தாழ்த்திக்கொள்ளும்.

நோட்டின் ஓரத்தில், மழை பெய்த மறுநாள் மட்டும் எழுப்பியவுடன் பெல்ட் கத்துகிறது என்று ஒரு வரி இருக்கிறது. கட்டை விரலை வைத்துப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன், எஞ்சினை நிறுத்தியபின்.